பன்னிரண்டு குடும்பத்துக்குப் பத்துத் தொடை

1

பாலக்கரையில் இருக்கும் உறவுகளுக்கும், திருவெறும்பூர் பட்டறையில் என்னோடு வெல்டிங் வேலை பார்த்தவர்களுக்கும், கைக்குக் கை மாறி இதைப் படிக்க நேர்கிற மற்றவர்களுக்கும் அந்தோணி எழுதுவது. கனடாவில் குளிர் எப்படி என்று யாரும் கேட்க வேண்டாம். குளிரைப் பற்றி எழுதி எழுதி எனக்கே நடுக்கம் விட்டுப்போய்விட்டது. இந்த முறை கறியைப் பற்றி எழுதப் போகிறேன்.

போன வருஷம் மார்ச் மாதம், நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிப் பதினோரு வருஷம் நிறைந்த அன்றைக்குத் தபாலில் ஒரு படிவம் வந்தது. அனுப்பியவர் வால்டர் என்று ஒரு விவசாயி. நாங்கள் இருக்கும் சிற்றூரிலிருந்து காரில் கால் மணி நேரம் போனால் அவருடைய பண்ணை. கொஞ்சம் செம்மறியாடு, கொஞ்சம் காய்கறி. அவரும் மனைவி ஹெலனும் நாலு வருஷமாக ஓர் ஏற்பாடு நடத்தி வருகிறார்கள். பன்னிரண்டு குடும்பங்கள் பனி உருகும் முன்பே பணம் கட்டிப் பங்குதாரர்களாகச் சேர்ந்துவிட வேண்டும். ஜூன் பிறந்ததும் வாராவாரம் ஒரு பெட்டி காய்கறி வரும். அக்டோபரில் ஆடு அறுத்து வீட்டுக்கொரு பங்கு கறி. பூச்சி விழுந்தாலும் மழை கெடுத்தாலும் அதுவும் எல்லாருக்கும் பங்கு. ஒரு குடும்பம் வேறு ஊருக்குக் குடிபோனதால் பன்னிரண்டாவது இடம் காலி. சேர விருப்பமா என்று கேட்டிருந்தார்.

என் மனைவி பிலோமினா அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லையால் ஒட்டி வைத்தாள். ஒட்டும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். நான்தான் நின்று ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். முதல் ஏழு கேள்விகள் சாதாரணம். பெயர், முகவரி, வீட்டில் எத்தனை பேர், எந்தச் சனிக்கிழமை பண்ணைக்கு வந்து களை பறிக்க முடியும். எட்டாவது கேள்வியில் கண் நின்றது. "கறிப் பங்குகள் உறுப்பினர்களின் மூப்பு வரிசைப்படி ஒதுக்கப்படும். இதற்குச் சம்மதமா?"

மூப்பு வரிசை என்றால் முதலில் சேர்ந்தவர் முதலில் எடுப்பார். பன்னிரண்டாவதாகச் சேர்கிறவன் மிச்சத்தை எடுப்பான். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடத்தான் முதலில் கை போயிற்று.

2

கிழிக்காமல் விட்டதற்குக் காரணம் எங்கள் மகள் ரோஸி.

ரோஸி நாலு வயதில் இங்கே வந்தவள், அப்போது பதினைந்து. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கோ ஒரு கறித் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்து, இனிமேல் கறி மீன் எதையும் தொட மாட்டேன் என்றாள். ஒரு வாரக் கதை என்று நினைத்தோம். ஆறு மாதம் ஆகிவிட்டது. கறி வேகும் வாசம் வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் சாப்பாடு. கடையில் கிடைக்கும் காய்க்கு ருசி இல்லை என்று அதையும் தொடுவதில்லை. மூன்றே பேர் உள்ள வீட்டில் இரண்டு இடத்தில் சாப்பாடு. எங்களோடு பேசுவதும் குறைந்தது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், ஆங்கிலத்தில் கேட்டால் தோளைக் குலுக்குவாள்.

"ஏங்க, அந்தப் பண்ணையில கத்தரிக்கா போடுறாங்களாம்" என்றாள் பிலோமினா. "வெண்டைக்கா கூட முயற்சி பண்ணிப் பாக்குறாங்களாம். பறிச்ச அன்னிக்கே வீட்டுக்கு வந்துடும். அது புள்ளைக்கு. கறி நமக்கு. ஒரே எடத்துலேர்ந்து வந்தா ஒரே மேசையில உக்காந்து சாப்புட்டுக்கலாம். நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க."

"எட்டாவது கேள்வியப் படிச்சியா?"

"படிச்சேன். கடைசிப் பங்குன்னா என்ன, அதுவும் ஆட்டுக் கறிதானே."

அவளுக்குத் தேவை மேசை. எனக்கு அந்த வரி தொண்டையில் மாட்டிய முள்.

3

ஏன் இவ்வளவு ரோஷம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

இந்த நாட்டுக்குள் நுழைந்த அன்றே கவுன்ட்டரில் இருந்தவர் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? என் பெயர் அந்தோணி, அப்பா பெயர் சவரிமுத்து, முன்னால் ஒரு 'ச' போட்டால் கதை முடிந்தது. அவர் அப்பா பெயரை எடுத்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் அடைத்தார். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து நானும் சவரிமுத்து, மகளும் சவரிமுத்து, பிலோமினாவும் சவரிமுத்து. ஊரில் இருந்தவரை அவள் மாமனார் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டைத் திருப்பிக் காட்டுவாள். இங்கே டெலிபோனை எடுத்தாலே "மிஸஸ் சவரிமுத்து ஸ்பீக்கிங்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லி முடித்ததும் இன்றுவரை ஒரு சிலுவை போட்டுக்கொள்வாள்.

வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஃபோர்மன் ஏதாவது கேட்டால் நம் ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். நான் மாட்டேன் என்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டு வேலையை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார். பிறகு மேலும் கீழும் ஆட்டக் கற்றுக்கொண்டேன். அப்படி ஆட்ட ஆட்ட எல்லாவற்றுக்கும் ஆட்டிக்கொண்டே போனேன். ஷிப்ட் பட்டியலில் கடைசி, விடுமுறைப் பட்டியலில் கடைசி, தேவாலயத்து விருந்தில் கடைசி மேசை. யாரும் என்னைத் திட்டவில்லை, கையைப் பிடித்துத் தள்ளவும் இல்லை. எல்லாரும் நல்லவர்கள். சிரித்துக்கொண்டே கடைசி இடத்தைக் காட்டுவார்கள், நானும் நன்றி சொல்லிவிட்டு உட்காருவேன்.

பதினோரு வருஷம் ஆட்டியது போதும் என்று அந்தப் படிவத்தின் முன் நின்றபோது தோன்றியது. வேறு எதிலாவது என்றால்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. கறிப் பங்கில் என்னால் முடியாது. அந்த விஷயத்தில் நாங்கள் எப்படி வளர்ந்தவர்கள் என்பது பாலக்கரைக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

4

எங்கள் காம்பவுண்டில் ஏழு குடும்பம். எழுபதுகளில், நான் கிளம்பும்வரை, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பங்கு ஆடு உண்டு. அதற்கு முந்தைய சனிக்கிழமை நாலு பேர் சமயபுரம் சந்தைக்குப் போய் இரண்டு கிடா பிடித்து வருவோம். நடுச்சாமப் பூசை முடிந்து விடிந்ததும் அறுப்பு. அறுப்பவர் எலும்பு, சதை, ஈரல், கொழுப்பு எல்லாவற்றையும் துண்டு போட்டு, ஓலைப் பாயில் ஏழு கூறாகப் பிரிப்பார். எல்லாக் கூறிலும் எல்லாம் கொஞ்சம் இருக்க வேண்டும். சுற்றி நின்று நாங்கள் "அதுல ஈரல் கம்மி, இதுல எலும்பு ஜாஸ்தி" என்று சொல்லச் சொல்ல அவர் எடுத்து எடுத்து வைப்பார்.

அப்படியும் ஏழும் ஒன்றாக இருந்துவிடுமா? இருக்காது. அதனால் யாருக்கு எது என்பதை ஒருவர் முதுகைக் காட்டி நின்று சொல்ல வேண்டும். இன்னொருவர் ஒரு கூறின் மேல் கையை வைத்து "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் வாயில் வந்த பெயரைச் சொல்வார். அவ்வளவுதான். அந்தக் கூறு அவருக்கு. அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு வருஷம் மட்டும் பேச்சு வந்தது. கூறைத் தொட்டவர் தையல்கார இஞ்ஞாசி, திரும்பி நின்றவர் அவருடைய மைத்துனர். ஆறு கூறு வரைக்கும் சும்மா இருந்த இஞ்ஞாசி, ஈரல் தூக்கலாக இருந்த ஏழாவது கூறைத் தொட்டதும் இருமினார். மைத்துனர் "இஞ்ஞாசி" என்றார். கடைசிக் கூறு என்றால் யாருக்கு மிச்சமோ அவருக்குத்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். அதைத்தான் இஞ்ஞாசியும் கேட்டார். அப்படியானால் எதற்கு இருமினாய், ஈரலைக் கடைசி வரை தொடாமல் ஏன் வைத்திருந்தாய், மைத்துனர் உன் பேரைக் கடைசி வரை ஏன் சொல்லவில்லை என்று மற்றவர்கள் கேட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று காலையில் நல்ல சண்டை. புத்தாண்டு வரை இரண்டு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்த வருஷம் யார் திரும்பி நிற்பது என்பதில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சம்பத் உள்ளே நுழைந்தான். பட்டறையில் என் பக்கத்து மேசைக்காரன், டிராயிங் பார்ப்பவன். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லலாம் என்று பஸ் ஏறி வந்தவன், பாயைப் பார்த்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்கே திரும்பினான்.

"அந்தத் தம்பி சொல்லட்டும்" என்றார் என் அப்பா. "அவருக்குத்தான் இதுல பங்கும் இல்ல, ஆசையும் இல்ல."

நான் தயங்கித் தயங்கி அவனிடம் கேட்டேன்.

"முதுகைக் காட்டிண்டுதானே நிக்கணும்?" என்றான். "எப்படியும் நான் பார்க்கப் போறதில்லடா. நிக்கறேன். சீக்கிரம் முடி."

எங்கள் கோயில் கோபுரத்தைப் பார்த்து நின்றுகொண்டு, கைக்குட்டைக்குள்ளிருந்தே ஏழு பெயரும் சொன்னான். சண்டையே இல்லை. வீட்டுக்குப் போய்த் தீர்த்தமாடாமல் உள்ளே விட மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே கிளம்பினான். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், கறி பக்கமே போகாத ஒரு சின்னப் பெண்ணை விட்டு ஒரு சீப்பு பூவன் பழம் கொடுக்கச் சொன்னார் அப்பா.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவனேதான். முந்தின நாளே அவனுக்காக ஒரு சீப்பு வாங்கித் தனி ஆணியில் மாட்டிவிடுவோம். ஒரு வருஷம் வைகுண்ட ஏகாதசியும் எங்கள் ஆடும் ஒரே நாளில் வந்தன. ஸ்ரீரங்கத்தில் அவ்வளவு கூட்டம். அதை நீந்திக்கொண்டு வந்தான், பட்டினியாக. "இன்னிக்குத் தண்ணி கூடக் குடிக்கலடா" என்று சொல்லிவிட்டு நின்று பெயர்களைச் சொன்னான். பழத்தை மட்டும் மறுநாள் பட்டறையில் வாங்கிக்கொண்டான். எங்கள் வீட்டுப் பங்கு அப்பா பேரில். "சவரிமுத்து" என்று அவன் சொல்லும்போது அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். ஈரல் வந்தாலும் எலும்பு வந்தாலும் ஒரே மாதிரி முன்னால் வந்து, துண்டை விரித்து வாங்கிக்கொள்வார்.

இப்படி வளர்ந்த என்னிடம் போய் மூப்பு வரிசைக்குச் சம்மதமா என்று கேட்டால் கோபம் வராதா?

5

மார்ச் நடுவில் புதியவர்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். புதியவர் என்று இருந்தது நாங்கள் மட்டும்தான். ஆனாலும் எல்லாருமே வந்திருந்தார்கள். ரோஸியையும் இழுத்துக்கொண்டு போனோம்.

வால்டர் நல்ல மனுஷன். ஒளிக்காமல் சொன்னார். அக்டோபரில் ஐந்து ஆடு போகும். லைசென்ஸ் வாங்கிய அறுப்புக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே தொடை தனி, தோள் தனி, விலா தனி, கழுத்து தனி என்று காகிதத்தில் சுற்றி முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். ஐந்து ஆட்டுக்குப் பின்தொடை பத்து. குடும்பம் பன்னிரண்டு. ஆகவே மூப்பு வரிசையில் முதல் பத்துப் பேருக்குத் தொடை, கடைசி இரண்டு பேருக்கு அதற்குப் பதில் கழுத்தும் விலாவும் கூடுதலாக.

நான் எழுந்து நின்றேன். தொடையையும் துண்டு போட்டு எல்லாவற்றையும் கலந்து பன்னிரண்டு கூறு வைத்தால் என்ன என்று கேட்டேன். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. முழுத் தொடையை அப்படியே அடுப்பில் வாட்டி ஞாயிற்றுக்கிழமை மேசை நடுவில் வைப்பது இவர்கள் வழக்கம். அதைத் துண்டு போடச் சொன்னது தப்புத்தான். அது அவர்கள் ருசி, ஒத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

"சரி, வெட்ட வேண்டாம்" என்றேன். "யாருக்கு எந்தப் பங்கு என்பதை விழுந்த மாதிரி எடுத்துக்கொள்வோம். ஒருவர் திரும்பி நின்று பெயர் சொல்லட்டும்."

முதல் இடத்துக்காரர் ஓர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. மிகவும் அன்பாக என்னைப் பார்த்து, கவலைப்பட வேண்டாம், முன்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராக விலகும்போது நீங்களும் மேலே வந்துவிடுவீர்கள் என்றார்.

"அப்படியானால் எனக்குத் தொடை கிடைக்க உங்களில் இரண்டு பேர் ஊரைவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப் போக வேண்டும். நான் அதற்கா வேண்டிக்கொள்வது?" என்று கேட்டுவிட்டேன். ஆங்கிலத்தில் அது இன்னும் கொஞ்சம் கரடுமுரடாக வந்திருக்கும். ரோஸி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, ப்ளீஸ். உக்காருங்க."

வால்டர் மட்டும் முகம் மாறாமல் சொன்னார். நாலு வருஷமாக இப்படித்தான், யாரும் குறை சொன்னதில்லை. மாதக் கடைசிக்குள் படிவம் வந்துவிட வேண்டும்.

திரும்பும்போது காரில் ரோஸி வெடித்தாள். எல்லாம் ஆங்கிலத்தில். உங்களுக்குத் தொடைக்கறி பிடிக்கவே பிடிக்காது. அம்மா குழம்பு வைத்தால் கழுத்து எலும்பைத்தானே தேடித் தேடி எடுப்பீர்கள். கிடைப்பதே உங்களுக்குப் பிடித்ததுதான் என்னும்போது எதற்கு இந்த அவமானம்?

"புடிக்கிறது வேற" என்றேன் தமிழில். "இது உனக்குன்னு இன்னொருத்தன் ஒதுக்கித் தர்றது வேற."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் கறிகூட ஆக்கவில்லை.

6

சேரப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பிலோமினா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது சம்பத்திடமிருந்து ஏர்மெயில் வந்தது. பொங்கலுக்கே எழுதி, போட மறந்து, பிறகு போட்டிருக்கிறான். பிலோமினாவைப் பேச வைக்கலாம் என்று அடுக்களையில் நின்று சத்தமாகப் படித்தேன். ரோஸி அங்கேதான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கும் போய் நின்னுட்டு வந்தேன். இப்போ எட்டுப் பங்காயிடுத்து. புதுசா ஒரு டீச்சர் குடும்பம் வந்திருக்கா. வந்து மூணு மாசம்தான் ஆறது. முதல் பேரே அவா பேருதான் என் வாயில வந்தது. நல்ல ஈரலாம், உங்க அண்ணா சொன்னார். நான் பார்க்கல. பழம் வழக்கம்போல வந்தது."

"ஹூ இஸ் திஸ்?" என்றாள் ரோஸி.

சொன்னேன். இருமல் சண்டையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டை வந்த இடத்தில் சிரித்துவிட்டாள். எத்தனை மாதம் ஆயிற்று அவள் சிரித்துப் பார்த்து. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்காதா என்று கேட்டாள்.

"இருந்திருக்கும்மா. ஆனா வந்தான்."

அப்போது பிலோமினா பேசினாள். இரண்டு நாள் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

"அந்த டீச்சர் வீட்டுக்காரரு மட்டும் சேர மாட்டேன்னு வாசல்ல நின்னிருந்தா ஈரல் வந்திருக்குமா? சேராம நின்னா நீங்க பேசுறது யாருக்குக் கேக்கப் போவுது? உள்ள போய்க் கேளுங்க. எட்டாவது கேள்விக்கு எதுத்தாப்புல இல்லன்னு எழுதிட்டு, பணத்தக் கட்டிட்டு, சேருங்க."

பதினோரு வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. சரி என்று தலையாட்டுவது, இல்லையென்றால் கோபித்துக்கொண்டு ஒதுங்குவது, இந்த இரண்டுதான் எனக்குத் தெரிந்திருந்தது. சேர்ந்துகொண்டே மாட்டேன் என்று சொல்ல முடியும் என்பதை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் மூன்று பக்கம் போயிற்று. ரோஸி எட்டிப் பார்த்து, ஆங்கிலம் கேவலமாக இருக்கிறது என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டு போனாள். அவளுடைய டைப்ரைட்டரில் அடித்துக் கொண்டுவந்தபோது ஒரே பக்கம். செத்துப்போகிறவர்களைப் பற்றி நான் எழுதியிருந்ததெல்லாம் காணோம். கூறு போடுவது எப்படி, திரும்பி நிற்பது எப்படி, அப்படி நிற்பவருக்கு ஏன் பங்கு இருக்கக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. கடைசி வரி என்னுடையதே. "நாங்கள் சேர்கிறோம். எட்டாவது கேள்விக்கு எங்கள் பதில், சம்மதமில்லை."

இரண்டு நாளில் வால்டர் டெலிபோனில் கூப்பிட்டார். அந்தக் கேள்விக்குச் சம்மதமில்லை என்று பதில் சொல்ல இடமில்லையே என்றார்.

"அப்படியானால் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்றேன்.

மற்றவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பிறகு தகவலே இல்லை. படிவம் திரும்பி வரவும் இல்லை. ஜூன் முதல் வாரம் வாசலில் காய்கறிப் பெட்டி இருந்தது.

7

பெட்டி நிறையக் கீரை. பெயர் தெரியாத சுருட்டைச் சுருட்டைக் கீரை, முரட்டு இலை. பிலோமினா அதை முருங்கைக்கீரை மாதிரி உருவி, வரமிளகாயும் தேங்காயும் போட்டு வதக்கினாள். ரோஸி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கத்தரிக்காய் ஆகஸ்டில் வந்தது. வெண்டைக்காயை மட்டும் பனி தின்றுவிட்டது. எங்கள் முறைக்கு இரண்டு சனிக்கிழமை களை பறித்தால் போதும். ரோஸி விடாமல் போனாள், போகப் போக அங்கே எல்லாருக்கும் அவளைத் தெரிந்தது. மாடிக்குத் தட்டு போவது எப்போது நின்றது என்று எனக்கு ஞாபகம் இல்லை. நின்றதில் எனக்குச் சந்தோஷம், அதை வாய்விட்டுச் சொல்ல மட்டும் பயமாக இருந்தது.

அக்டோபரில் கறி வந்த நாள் பன்னிரண்டு குடும்பமும் வால்டரின் கொட்டகையில் கூடினோம். அவர் என் பக்கத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டுக் கை தூக்கச் சொன்னார். ஏழு கை எழுந்தது. தலைமை ஆசிரியை கடைசி வரை தூக்கவில்லை. ஏழு போதும்.

நீளப் பலகையில் வால்டரும் நானும் பொட்டலங்களைக் கூறு வைத்தோம். தொடை இல்லாத இரண்டு கூறிலும் கழுத்தும் விலாவும் ஈரலும் கூட்டி வைத்தார். தராசில் நிறுத்து மாற்றினோம். "அதுல கம்மி, இதுல ஜாஸ்தி" என்று எல்லாரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

ஹெலன் திரும்பி நிற்பதாக ஏற்பாடு. பங்குதாரரில் ஒருவர் ஹெலனின் தங்கை என்று பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. இஞ்ஞாசி எல்லா ஊரிலும் இருக்கிறார். என்ன செய்வது என்று ஹெலன் பார்த்துக்கொண்டிருக்கும்போது ரோஸி முன்னால் வந்தாள்.

"நான் கறி சாப்பிடுவதில்லை. எனக்கு எது வந்தாலும் ஒன்றுதான். நான் சொல்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, யார் பதிலுக்கும் காத்திராமல் கொட்டகைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். ஸ்வெட்டர் கையை இழுத்து மூக்கின் மேல் வைத்துக்கொண்டாள்.

நான் முதல் கூறின் மேல் கையை வைத்தேன். வழக்கத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது. "இது யாருக்கு?"

ரோஸி திரும்பாமலே ஒரு பெயர் சொன்னாள். ஆனால் தலைமை ஆசிரியை கையை உயர்த்தினார். அப்பாவும் மகளும், மற்றவர்களுக்குப் புரியாத பாஷை, இது சரியா என்று கேட்டார். சரியில்லைதான். பாலக்கரையில் நானே இதைக் கேட்டிருப்பேன். மன்னிப்புக் கேட்டு விலகிப் போய்ப் பிலோமினா பக்கத்தில் நின்றேன். வால்டர் கூறைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். எனக்கு அன்றைக்கு உண்மையாகவே தொண்டை கரகரத்தது. இருமாமல் விழுங்கிக்கொண்டு நின்றேன்.

ஒன்பதாவது கூறு. தொடை இல்லாத கூறு இரண்டில் ஒன்று. வால்டர் கையை வைத்தார்.

"சவரிமுத்து" என்றாள் ரோஸி.

இந்த ஊரில் அந்தப் பெயரை யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அவளும் சிநேகிதிகளிடம் சொல்லும்போது அவர்கள் மாதிரியே கடித்துத்தான் சொல்வாள். அன்றைக்கு அப்பா பெயர் முழுசாக வந்தது. பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

தலைமை ஆசிரியைக்குத் தொடை விழுந்தது. எல்லாம் முடிந்ததும் வால்டர் என்னைத் தனியே அழைத்தார். முகமெல்லாம் சங்கடம். இவ்வளவு பாடுபட்டும் உனக்குக் கழுத்துத்தானே வந்தது, என் வீட்டுக்கு என்று தனியே அறுத்த ஆட்டில் ஒரு தொடை இருக்கிறது, மாற்றிக்கொள் என்றார். நல்ல மனுஷன் என்று முன்பே சொன்னேன் அல்லவா.

"வேண்டாம்" என்றேன். "இது எனக்கு விழுந்தது." துண்டு இல்லை, கோட்டைக் கழற்றி விரித்து வாங்கிக்கொண்டேன்.

டிக்கி முழுக்கப் பூசணிக்காய். கறிப் பொட்டலத்தை வைக்க இடமில்லாமல் ரோஸிதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டே. பாதி வழியில் கேட்டாள், தமிழில்.

"அப்பா, என் பழம் எங்க?"

கடையில் நிறுத்தி ஒரு சீப்பு வாங்கினேன். பூவன் இல்லை, இந்த நாட்டுப் பெரிய மஞ்சள் பழம். பிலோமினாதான் இறங்கிப் போய் எடுத்து வந்தாள். நான் கறி தொட்ட கை.

8

இந்த மார்ச்சில் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் படிவம் வந்தது. எட்டாவது கேள்வி ஓர் எழுத்துகூட மாறவில்லை. மறந்துவிட்டார்களா, அச்சடித்தது மிச்சம் இருந்ததா, அல்லது ஏழு கை இப்போது ஐந்தாகிவிட்டதா, தெரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்தா என்று எனக்குச் சலிப்பாகக்கூட இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபிரிட்ஜ் கதவிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

வந்து பார்த்தால் படிவம் மேசைமேல் இருந்தது. ரோஸி பூர்த்தி செய்திருந்தாள். சனிக்கிழமைகள் எல்லாவற்றிலும் அவள் பெயர். பின்னால் போன வருஷத்துப் பக்கத்தின் நகலை வைத்து ஊக்கு போட்டிருந்தாள். எட்டாவது கேள்விக்கு எதிரே ஒரு வரி: "எங்கள் பதில் இணைக்கப்பட்டுள்ளது, சென்ற ஆண்டு போலவே."

கையெழுத்துக்கு மட்டும் எனக்கு இடம் விட்டிருந்தாள். போட்டேன்.